உவருக்கு எப்பயிர், களருக்கு எப்பயிர்

உப்பு நிலத்துக்குத் தக்க பயிர் எது என்பது குடியானவர்கள் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறவர்களும் உளர். நெல் என்பார் சிலர். பருத்தி என்பார் சிலர். தென்னையை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பாரும் உண்டு. இம்மூன்று விடைகளும் ஏதேனும் ஒரு நிலத்துக்குப் பொருந்துவனவே. ஆனால் நிலத்தைப் பாராமல் சொன்னால் மூன்றும் நஷ்டத்துக்கே வழியாகும். உப்பைத் தாங்கும் குணம் பயிரின் நிறம்போல எவ்விடத்தும் மாறாதிருக்கும் குணமன்று. நிலத்திலுள்ளது எந்த உப்பு, அது தாக்கும்போது பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது, அப்பொழுது வயலில் தண்ணீர் உண்டா இல்லையா என்னும் மூன்றையும் பொறுத்து அது கூடவும் குறையவும் செய்கிறது. இவற்றை விசாரித்தறியாமல் விதை வாங்குவது கைப்பொருளை உப்பங்கழியில் கொட்டுவதற்கு ஒப்பாகும் என்பது எமது அபிப்பிராயம்.

முதலாவது, உப்பின் வகை. இந்நாட்டில் உப்பு நிலம் என்றவுடன் கடற்கரையே யாவர்க்கும் நினைவுக்கு வருகிறது. கணக்கோ வேறுவிதமாயிருக்கிறது. ஹரியானாவிலுள்ள கர்னாலில் 1969இல் ஏற்படுத்தப்பட்ட மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்தாளும் மதிப்பின்படி, இந்திய தேசத்தில் உப்பினால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 3.68 லட்சம் ஹெக்டேர், அதாவது ஒன்பது லட்சம் ஏக்கர். இவ்வொன்பது லட்சத்தில் கடற்கரையைச் சார்ந்த உவர் நிலம் மிகச் சிறு பகுதியே; சுமார் 13 ஆயிரம் ஹெக்டேர்தான். எஞ்சிய அனைத்தும் களர். எனவே, உவரைப் பற்றிய யோசனைகளைக் கேட்டு அதன்படி நடக்கும் நம் குடியானவர்களில் பெரும்பாலோர் களர் நிலத்தை வைத்துக்கொண்டே அவ்வாறு நடக்கிறார்கள் என்பது பெறப்படும்.

உவர் நிலத்தில் சோறாக்கும் உப்பும் அதனோடொத்த வேறு உப்புகளும் தண்ணீரில் கரைந்து நிற்கின்றன. வெயிற்காலத்தில் அவை மேலே ஏறி வெள்ளையாய்ப் பூக்கும். மண் பொலபொலப்பாகவே இருக்கும். தண்ணீர் விட்டால் கீழே இறங்கும். இறங்கும்போது உப்பையும் கொண்டுபோகும். களர் அப்படிப்பட்டதன்று. அதில் கரைந்த உப்பு அதிகமில்லாமலும் இருக்கலாம். ஆனால் களித்துகள்களில் சுண்ணாம்புச் சத்து ஒட்டியிருக்கவேண்டிய இடங்களைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சோடியம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்பட்டு, மண்ணின் கார அமில நிலை 8.5க்கு மேலே சென்றால் அது களரென்று வகுக்கப்படுகிறது. இத்தகைய மண் நனைந்தால் சேறாய்க் கலங்கும். காய்ந்தால் கல்லாய் இறுகும். விட்ட தண்ணீர் நாட்கணக்கில் கலங்கலாய் நிற்கும். மேலே படியும் பொருக்குச் சிலவிடங்களில் கறுத்துமிருக்கும். மண்ணிலுள்ள மக்கு காரத்தில் கரைந்து மேலே வருவதே அதற்குக் காரணம்.

பெயரும் இதில் நம்மை ஏமாற்றுகிறது. சலவைத் தொழிலாளர் முற்காலத்தில் துணி வெளுக்க எடுத்துவந்த மண்ணுக்கு உவர்மண் என்றே பெயர். ஆயின் அதில் அழுக்கை நீக்கியது காரச் சோடா. குணத்தால் அது களரைச் சேர்ந்தது. கிராமத்துப் பெயரைக்கொண்டு நிலத்தின் குணத்தை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதுவொன்றே போதும்.

இப்பொழுது நெல்லை எடுத்துக்கொள்வோம். உவரைத் தாங்கும் வரிசையில் நெல் கீழ்ப்பாதியில் நிற்கிறது. களரைத் தாங்கும் வரிசையிலோ அது ஏறக்குறைய தலைமையிடத்தில் நிற்கிறது. மண்ணில் ஒட்டிய சோடியம் நூற்றுக்கு அறுபது வரை ஏறிய களரிலும் நெல் பாதி விளைச்சலேனும் தரும். அந்த அளவுக்கு மிகவும் கீழே, இருபது இருபத்தைந்திலேயே, நிலக்கடலை பாதியாய்க் குறைந்துவிடும். உளுந்தும் துவரையும் பதினைந்தைத் தாண்டுவதே அரிது. இதற்குக் காரணம் கண்டுபிடிக்கக் கடினமானதன்று. தண்ணீர் கீழே இறங்காத மண் பிற பயிர்களின் வேரை மூச்சடைத்துக் கொல்லும்; நெல்லுக்கோ தண்ணீர் நிற்பதே வேண்டுவது. அன்றியும், தேங்கிய நீரில் வேரும் மக்கும் வெளியிடும் கரியமிலவாயு காரத்தைத் தணித்து, மண்ணிலேயே உறைந்து கிடக்கும் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொடுக்கிறது. களரில் நெல் பயிர் மட்டுமன்று, மருந்துமாகும். அதே நெல்லை, கடல்நீர் ஏறிய உவர் வயலில், வடிவாய்க்கால் தூர்ந்த நிலையில், நல்ல தண்ணீர் கிடையாத ஆண்டில் நட்டால் அதனினும் மெலிந்த பயிரைக் காண்டலரிது. ஆகவே, நெல் உப்பைத் தாங்குமா என்று கேட்பவர்க்கு, எந்த உப்பை என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான மறுமொழி.

உவரை மட்டும் தனியே நோக்கினால், பயிருக்குப் பயிருள்ள பேதத்தை எண்ணாலேயே குறிக்கலாம். அமெரிக்க தேசத்தில் ரிவர்சைடு என்னும் ஊரிலுள்ள உவர் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த மாஸ், ஹாஃப்மன் என்னும் இருவர் 1977இல் பல நாட்டுப் பரிசோதனைகளைத் தொகுத்து ஓர் அட்டவணை வெளியிட்டனர். மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழம்பாகப் பிசைந்து, அதிலிருந்து உறிஞ்சியெடுத்த சாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதில் பாய்கிறது என்பதே அதில் அளவு. அவ்வளவின் பெயர் டெசிசைமன்ஸ். ஒரு டெசிசைமன்ஸ் என்பது லிட்டருக்கு முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பு என்று கொள்ளலாம். கடல்நீர் ஐம்பதுக்கு மேற்படும். ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு எண்கள் தரப்பட்டுள்ளன. எந்த அளவு வரையில் மகசூல் குறையாது என்பது முதலெண். அதைத் தாண்டியபின் ஒவ்வோர் அளவுக்கும் நூற்றுக்கு எத்தனை பங்கு குறையும் என்பது இரண்டாமெண்.

முதலெண்ணை மட்டும் பார்ப்போர் தவறான முடிவுக்கு வருவார்கள். நெல்லுக்கு முதலெண் 3, நிலக்கடலைக்கு 3.2. இதைக் கண்டு நிலக்கடலை நெல்லினும் உறுதியானது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வரம்பைக் கடந்தபின் நெல் ஒவ்வோர் அளவுக்கும் நூற்றுக்கு 12 வீதம் குறைய, நிலக்கடலை 29 வீதம் சரிகிறது. மண்ணின் அளவு 5 ஆகும்போது நெல்லில் நஷ்டம் ஏறக்குறைய கால்பங்கு. நிலக்கடலையிலோ பாதிக்கு மேல். கரும்பின் கதை இதற்கு நேர்மாறு. அது 1.7லேயே குறையத் தொடங்குகிறது. ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் 6 வீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே குறைகிறது. அளவு 4 வரையில் கரும்பினும் நெல்லுக்கே நஷ்டம் குறைவு. நாலரைக்கு மேலே சென்றால் கரும்புக்கே நஷ்டம் குறைவு. 6இல் நெல் நூற்றுக்கு 36 பங்கை இழக்க, கரும்பு 25 பங்கையே இழக்கும். பருத்தியின் முதலெண் 7.7, சோளத்தின் முதலெண் 6.8. ஆனால் சோளம் வரம்பைக் கடந்தால் 16 வீதம் இறங்கும். பருத்தி 5 வீதமே இறங்கும். பாசிப்பயறும் வெங்காயமும் மிளகாயும் இரண்டுக்கு மேல் தாங்கா. வால்கோதுமையே தானியங்களில் முதன்மையானது. நம் பக்கத்தில் அதற்கு வேலையில்லை.

இவ்வெண்கள் வேறு தேசத்து மண்ணிலும் வெயிலிலும் பெரும்பாலும் எடுக்கப்பட்டவை. ஆதலால் நம் வயலில் அப்படியே பலிக்குமென்று எதிர்பார்க்கலாகாது. பயிர்களுக்குள்ளே முன்பின் வரிசையை அறிவதற்கு மாத்திரம் இவை நம்பத் தகுந்தவை.

இங்கே மண் பரிசோதனை அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி பல குடியானவர்களிடம் அட்டை உண்டு. அதில் மின்கடத்து திறன் என்றோர் எண் காணப்படும். அதை மேற்சொன்ன அட்டவணையோடு நேராக ஒப்பிடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பரிசோதனைசாலையில் மண்ணோடு இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தண்ணீர் கலந்தே அளக்கிறார்கள். அட்டவணையோ குழம்பாய்ப் பிசைந்த மண்ணின் சாற்றைப் பற்றியது. தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப்போகும். ஆகையால் அட்டையில் 0.9 என்றிருப்பது அட்டவணையின் கணக்கில் இரண்டு மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஆகக்கூடும். மணற்பாங்கான மண்ணில் இந்த மடங்கு அதிகம், களிமண்ணில் குறைவு. ஒன்றுக்குக் கீழே இருந்தால் கெடுதியில்லை என்று அட்டை சொல்வது நெல்லுக்குப் பெரும்பாலும் சரியே. உளுந்து, பயறு, வெங்காயம் பயிரிடுகிறவர் அச்சொல்லை நம்பி இருந்துவிடலாகாது. எந்த முறையில் அளந்தது என்பதை அட்டையிலேயே ஒரு வரி அச்சிட்டால் இவ்வளவு குழப்பத்துக்கு இடமிராது. அச்சடிக்கும் செலவும் அதிகமாகாது.

இரண்டாவது, பருவம். நெல்விதை முளைக்கும்போது உப்பை நன்றாகவே பொறுக்கும். முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட இளநாற்றாய் நிற்கும்போது மிகவும் வாடும். தூர் கட்டும் காலத்தில் மறுபடி பலம் பெறும். கதிர் உருவாகிப் பூக்கும் காலத்தில் திரும்பவும் மெலியும். அப்பொழுது உப்பு ஏறினால் வைக்கோல் நிறைய இருக்கும், கதிரில் பதரே மிஞ்சும். பயிர் பச்சையாய் நின்றதே, பின் நெல் ஏன் காணவில்லை என்று களத்தில் நின்று வருந்துவோர்க்கு இதுவே விடை. ஆகையால் உப்பு நிலத்தில் இளநாற்று நடுவது சரியன்று. முப்பது நாளுக்கு மேற்பட்ட முதிர்ந்த நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நடுவதே கர்னாலிலும் இங்கும் சொல்லப்படும் முறை. நாற்றங்காலையாவது நல்ல மண்ணில் அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஒற்றை இளநாற்று நடவு நல்ல நிலத்துக்குரிய சிறந்த முறையாகும். அதைக் களரில் செய்துவிட்டு முறையைப் பழிப்பதில் பயனில்லை.

பருத்தியின் குணம் வேறு. வளர்ந்த பருத்தி உவரைப் பொருட்படுத்தாது. முளைக்கிற பருத்திக்கு உவர் சத்துரு. உவர் வயலில் பருத்தி நாற்று இடைவெளி விட்டு நிற்பதைக் கண்டு விதை சொத்தை என்று கடைக்காரரை நோவார்கள். பாரில் தண்ணீர் இரு பக்கமும் ஊறி மேலேறும்போது உப்பும் கூடவே ஏறி உச்சியில் தங்கும். ஆகையால் பாரின் உச்சியில் விதை ஊன்றாமல் சரிவில், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஊன்றவேண்டும். மிளகாய்க்கும் காய்கறிகளுக்கும் இதே விதி. செலவில்லாத உபாயம் இது.

பருவத்தையும் தண்ணீரையும் ஒன்றாய்க் கருதினால் காவிரிக் கடைமடையின் ஒரு துன்பம் விளங்கும். நாகப்பட்டினம், திருவாரூர் ஜில்லாக்களில் சம்பா அல்லது தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னதாக உளுந்தையோ பயற்றையோ நெற்பயிருக்குள்ளேயே தெளித்து, அறுத்தபின் எஞ்சிய ஈரத்தில் விளைவிப்பது பழைய வழக்கம். நல்ல நிலத்தில் இதைவிட மலிவான வேளாண்மை வேறில்லை. உவர் தட்டிய வயலில் என்ன நடக்கிறது? மழைக்காலம் முழுதும் நெல் வயலில் நின்ற தண்ணீர் உப்பைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. நெல்லும் ஒருவாறு விளைந்துவிடுகிறது. தை மாசியில் தண்ணீர் வற்றியதும், கீழே நிற்கும் உப்புநீர் மண்ணின் நுண்துளை வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறுகிறது. பங்குனி வெயிலில் நீர் ஆவியாகி உப்பு தங்குகிறது. அந்தச் சமயத்தில் வயலில் நிற்பது எது? எல்லாப் பயிரிலும் உப்புக்கு மிகவும் அஞ்சும் பயறு! நெல் விளைந்த வயலாயிற்றே என்று சொல்வதில் அர்த்தமில்லை. நெல் கண்ட வயல் வேறு, பயறு காணும் வயல் வேறு. சர்வே எண் மட்டுமே ஒன்று. இத்தகைய வயலில், தண்ணீர் வசதி சிறிதேனும் உள்ளவர்கள் நெல் தரிசுக்கென்றே கோயம்புத்தூர் சர்வகலாசாலையார் வெளியிட்ட எம்.சி.யு. 7 போன்ற பருத்தியைக் கருதலாம். அவ்வசதியும் இல்லாதவர்கள் நிலத்தை வெறுமனே வெயிலில் காயவிடாமல், அறுவடையானதும் மேலாக ஓர் உழவு உழுது நுண்துளையை முறித்துவிடுவது நல்லது. பயற்றுக்குச் செலவாகும் விதையாவது மிஞ்சும்.

ஒரே பயிரிலும் ரகத்துக்கு ரகம் பேதம் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். களர்பாலை, குழியடிச்சான் என்னும் நெற்பெயர்கள் நம் நாட்டில் வழங்கிவந்தன. மலையாளக் கரையில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் ஜில்லாக்களின் காயலோரத்தில் பொக்காளி நெல்லும், வங்காளத்தில் சுந்தரவனப் பக்கத்தில் நோனா போக்ரா என்னும் நெல்லும் அவ்வாறே பெயர் பெற்றவை. நோனா என்பதற்கு வங்க மொழியில் உப்பு என்றே பொருள். இந்த நோனா போக்ராவை ஆராய்ந்த சீன விஞ்ஞானிகள், அதன் பலம் எங்கேயிருக்கிறது என்பதை 2005இல் வெளிப்படுத்தினர். வேர் உறிஞ்சிய சோடியம் தண்டின் நீர்க்குழாய் வழியே இலைக்குப் போகாமல், வழியிலேயே அதைத் திரும்ப எடுத்து ஒதுக்கும் ஒரு மரபணு அதில் வலிமையாய் இருக்கிறது. பொக்காளியிலும் அதே பகுதியில் அமைந்த குணத்தைக்கொண்டு பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் புதிய வித்துக்களை உண்டாக்கியிருக்கின்றனர்.

உப்பை வெளியே நிறுத்துவது நெல்லின் வழி. கழிமுகத்தில் தானே வளரும் உமரி அதற்கு மாறாக உப்பை உள்ளே வாங்கிக்கொண்டு, இலையின் உயிரணுக்களுக்குள்ளேயே தனிப் பையில் பூட்டி வைக்கிறது. அதனால்தான் அது சதைப்பற்றாய் இருக்கிறது. வால்கோதுமையும் ஓரளவு இவ்வாறே செய்யவல்லது. அவரை இனத்துப் பயிர்களுள் பல இரண்டிலும் தேறா. சீமைக் கருவேலமோ உவரையும் களரையும் வறட்சியையும் ஒருங்கே தாங்குகிறது. இராமநாதபுரம் ஜில்லாவார்க்கு அதன் பெருமையை எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. தாங்குவது மாத்திரமே ஒரு செடியை நமக்கு வேண்டியதாக்கிவிடாது.

பொக்காளியைப் பற்றி நாம் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. அந்நெல்லைக் கடல்நீரில் நடுகிறார்கள் என்று தூரத்திலுள்ளோர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. கோடையில் நிலத்தை உலர்த்தி, மண்ணைக் குவித்து மேடுகளாக்குகிறார்கள். இடவத்து மழை பெய்து அம்மேடுகளின் உப்பைக் கழுவியபின்னரே முளைகட்டிய விதையை அவற்றின்மேல் விதைக்கிறார்கள். நாற்று வளர்ந்தபின் மேட்டை வெட்டிக் கலைத்து வயலெங்கும் பரப்புகிறார்கள். மழைநீரும் ஆற்று வெள்ளமும் நிறைந்த மாதங்களில் பயிர் நிற்கிறது. ஐப்பசி கார்த்திகை வாக்கில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு, உப்புநீர் மறுபடி ஏறும் காலத்தில் வயலை இறால் வளர்ப்புக்கு விட்டுவிடுகிறார்கள். ஆகவே உலகப் பிரசித்தி பெற்ற அந்த உவர் நெல்லும் உவர் தணிந்த மாதங்களிலேயே விளைகிறது. ரகத்தின் பலத்தில் பாதி உழவனுடைய காலக் கணக்கிலிருக்கிறது. அந்நெல் உயர்ந்து வளர்ந்து சாய்வதும், கண்டுமுதல் குறைவாயிருப்பதும் உண்மையே. ஆதலால் அதனை அப்படியே கொண்டுவந்து நம் கடைமடையில் பரப்புவோம் என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கவில்லை.

களருக்கோ நம் மாகாணத்திலேயே விதை இருக்கிறது. திருச்சிக்கு அடுத்த நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியின் நிலமே களர். அங்கே நெல்லைத் தேர்ந்தெடுப்பது களரில் வைத்தே தேர்ந்தெடுப்பதாகும். 1995இல் வெளிவந்த திருச்சி 1, 2010இல் வெளிவந்த திருச்சி 3 என்பவை அவ்விதம் பிறந்த ரகங்கள். அதற்கு முன்னரே கோ 43 களரிலும் உவரிலும் நிற்கக்கூடியதென்று பெயர் பெற்றிருந்தது. இவற்றை நடுகிறவர்க்கு ஜிப்சத்தின் செலவிலும் மிச்சமுண்டு. மண்ணுக்கு வேண்டிய ஜிப்சம் இவ்வளவு என்று பரிசோதனையில் கண்டால், களரைத் தாங்கும் நெல்லுக்கு அதில் பாதியே போதும் என்பது நெடுநாட் பரிசோதனையில் கண்டது. தண்ணீரைக் கட்டி, ஜிப்சத்தைக் கலந்து, கலங்கிய நீரை வடித்து, தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதபின் நடவேண்டும். வடித்துவிட இடமில்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண். ஜிப்சமே இல்லாமல் நல்ல தண்ணீரைக்கொண்டு களரைக் கழுவப் புகுந்தாலோ, இருக்கும் சிறிது சுண்ணாம்புச் சத்தும் போய் மண் முன்னிலும் இறுகிவிடும். உவருக்கு அமிர்தமான முறை களருக்கு விஷமாவது இவ்வாறுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தாங்கும் ரகங்களின் அரிசிக்குச் சந்தையில் விலை குறைவு. சன்ன ரகத்துக்கே வியாபாரி முந்துகிறார். ஆகையால் பாதி விளைந்தாலும் சன்ன நெல்லே மேல் என்று சொல்வார் உண்டு. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. விலை வித்தியாசம் விளைச்சல் வித்தியாசத்தை விழுங்கிவிடும் வயல்களும் உள்ளன. களர் இலேசாயிருக்கும் வயல்களில் அவர்கள் சொல்வதே சரி. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்து அப்படிச் சொல்லுகிறவர் எத்தனை பேர்? வயலுக்குள் ஒரு பகுதியிலே பயிர் அடியோடு கருகுவதைச் சரிக்கட்ட மொத்த வயலுக்கும் உரத்தைக் கூட்டிப் போடுகிறார்கள். அச்செலவு கணக்கில் வருவதில்லை. ரகத்தின் தாங்கும் குணம் நல்ல மண்ணிலே ஒரு லாபமும் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வயலை இரண்டாகப் பிரித்து, கெட்ட பகுதியில் தாங்கும் ரகத்தையும் நல்ல பகுதியில் விரும்பிய ரகத்தையும் நடலாம். அறுவடை நாள் வேறுபடும் என்பது ஒன்றே இதிலுள்ள தொல்லை.

இன்னொரு வாதம் விவசாய நிபுணர்களிடமிருந்தே வருகிறது. தாங்கும் பயிரைக் கொடுத்தால் குடியானவர் வடிகாலை மறந்துவிடுவார், நிலம் மேலும் கெடும் என்கிறார்கள். இதில் பாதி உண்மையுண்டு. எந்தப் பயிரும் மண்ணிலுள்ள உப்பைத் தின்று தீர்ப்பதில்லை. நெல்லறுத்தபின் உப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உப்பை வெளியேற்றுவது தண்ணீரும் வடிவாய்க்காலுமே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையோரத்து வயல்களை மூடிற்று. அவற்றுள் தண்ணீர் எளிதில் இறங்கும் மணற்பாங்கான வயல்களை 2005ஆம் ஆண்டின் பெருமழை பெரிதும் கழுவிக்கொடுத்தது. வடிகாலில்லாத பள்ளக்களிகள் பின்தங்கின. ஆயினும், வாய்க்கால் வெட்டிமுடியும் வரையில் குடியானவர் பட்டினி கிடக்க முடியாது. வடிகால் ஊரார் கூடிச் செய்யவேண்டிய காரியம். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். விதையோ தனியொருவர் இந்தப் பருவத்திலேயே மாற்றிக்கொள்ளக்கூடியது. பின்னது முன்னதற்கு விரோதமன்று.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அடங்கலில் பயிரை எழுதுகிறோம்; அப்பயிர் வயலின் எந்த மூலையில் ஆண்டுதோறும் கருகுகிறது என்பதை எழுத ஒரு கட்டம் இல்லை. ஊருக்குள் எந்தச் சர்வே எண்ணில் உப்புப் பூக்கிறது, எதில் கறுத்த பொருக்கு விழுகிறது, எந்த ஆழ்குழாய்க் கிணற்றின் தண்ணீர் விட்டபின் மண் இறுகிற்று என்பதை அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் அறிவார்கள். அதனை ஓர் எளிய கிராமப் படத்தில் குறித்து வேளாண்மை உதவி அலுவலரிடம் கொடுத்துவிட்டால், எந்த ஊருக்கு எவ்வளவு ஜிப்சம், எவ்வளவு திருச்சி ரக விதை என்பதைப் பருவத்துக்கு முன்னரே கணக்கிடலாம். நடவு முடிந்தபின் விதைக் கிடங்கில் வந்து இறங்கும் தாங்கும் ரகம் யாருக்கும் உதவுவதில்லை. கடைசியாகச் சொன்ன கிணற்று நீர் முக்கியமானது. சோடாச் சத்து மிகுந்த கிணற்று நீரைப் பல ஆண்டு பாய்ச்சினால் நல்ல நிலமும் களராகும். அவ்விடத்தில் மண்ணைத் திருத்திவிட்டு அதே தண்ணீரை விடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும். ஆதலால் மண்ணோடு தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புக.

மண்ணெடுக்கும் முறையையும் கூறிவிடுகிறோம். கோடையில், நிலம் காய்ந்து உப்பு மேலே நிற்கும் சமயத்தில் எடுத்தல் நன்று. மழை பெய்த மறுநாள் எடுத்த மண் உண்மையைச் சொல்லாது. கெட்ட திட்டின் மண்ணையும் நல்ல பகுதியின் மண்ணையும் ஒருபோதும் கலக்கவேண்டாம். கலந்தால் வரும் சராசரி எண் வயலின் எந்தப் பகுதிக்கும் உரியதாயிராது. மேல்மண்ணை மட்டும் எடுக்காமல், அரையடி, ஓரடி, இரண்டடி ஆழத்திலும் தனித்தனியே எடுத்துத் தனித்தனிப் பைகளில் இட்டு, ஆழத்தையும் சர்வே எண்ணையும் சீட்டெழுதிப் போடுக. கார அமில நிலை, மின்கடத்து திறன், ஜிப்சத் தேவை ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுக. கேட்காவிட்டால் மூன்றாவதைப் பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள்.